கறுத்த அடிப்பல்லின் மேல் ஒரு முன்பல் கிரவுன்: நிகழ்வு ஆய்வு

பல் லேப் வேலையில் ஒற்றை மேல் முன்பல்லுக்குக் கிரவுன், அதாவது பல்லை மூடும் உறை, செய்வதைப் போலக் கண்டிப்பான பரீட்சை வேறு கிடையாது. ஆறு முன்பற்களையும் மொத்தமாகச் செய்தால், அவை ஒன்றுக்கொன்று பொருந்தினாலே பார்ப்பவர் கண் சமாதானமாகிவிடும். ஒரே ஒரு பல் என்றால், ஒட்டி நிற்கும் இயற்கைப் பல் ஒவ்வொரு சிரிப்பிலும் அதைக் காட்டிக்கொடுக்கும். இங்கே எழுதப்போகும் பல்லில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. கிரவுன் உட்கார வேண்டிய அடிப்பல் அடர் பழுப்பாகக் கறுத்திருந்தது.

இதைச் செராமிக் அடுக்கும் டெக்னீஷியன் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கிரவுன் இயல்பாகத் தெரிகிறதா என்பது பிரஷ்ஷும் பவுடருமாக உட்காரும்போது முடிவாகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது அதற்கு முன்பே பாதிக்கு மேல் முடிவாகிவிடும். எந்த ஒளிபுகுதன்மை உள்ள இங்காட் (அழுத்தி வார்க்கும் செராமிக் கட்டி), எந்த இடத்தில் எவ்வளவு தடிமன், உலை எவ்வளவு சரியாகச் சுடுகிறது ஆகியவைதான் அதைத் தீர்மானிக்கின்றன.

நோயாளி வந்த நிலை

நோயாளிக்கு முப்பதுகளின் நடுவில் வயது. பள்ளிப் பருவத்தில் விழுந்ததில் மேல் இடது நடுப்பல், அதாவது 21ஆம் எண் பல், உடைந்திருக்கிறது. அப்போதே வேர் சிகிச்சை செய்து, பிற்பாடு உலோகத்தின் மேல் பீங்கான் ஏற்றிய கிரவுன் போட்டிருந்தார்கள். உறுதியில் அதற்கு ஒரு குறையும் இல்லை. அவர் மருத்துவரிடம் சொன்ன புகார் வேறு: "ஃபோட்டோ எடுத்தா இந்தப் பல்லு மட்டும் வெள்ளையா பளீர்னு தெரியுது. வீட்டுக்குள்ள கண்ணாடியில பார்த்தா சாம்பலா இருக்கு. ஒரே பல்லு எப்படி டாக்டர் ரெண்டு நிறமா தெரியும்?"

நல்ல கேள்வி. உலோகத்தின் கறுப்பை மறைக்க அதன் மேல் ஒபேக் என்னும் ஒளிபுகாத பூச்சு போடுவார்கள். அதன் மேல் பீங்கானுக்குப் போதிய இடம் இல்லாவிட்டால் ஃபிளாஷ் வெளிச்சம் நேராக அந்தப் பூச்சில் பட்டுத் திரும்பி, பல் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துவிடும். சாதாரண வெளிச்சத்தில் கதை வேறு. இயற்கைப் பல்லுக்குள் வெளிச்சம் நுழைந்து, டென்டினில் (எனாமலுக்கு அடியிலுள்ள பல் திசுவில்) சிதறி, வேருக்கும் ஈறுக்கும் கசிகிறது. உலோகம் அந்த வழியை அடைத்துவிடுகிறது. மேலே உதட்டின் நிழல் வேறு விழுவதால் ஈறின் ஓரம் சாம்பல் கோடாகிறது.

பழைய கிரவுனை வெட்டி எடுத்தபோது உள்ளே இருந்தது வேருக்குள் இறங்கும் ஃபைபர் போஸ்ட்டும், அதன் மேல் பல்லைக் கட்டி எழுப்பிய கம்போசிட் கோரும். இரண்டும் நன்றாகவே இருந்தன. ஓரத்தைச் சுற்றி 2 மி.மீ. உயரத்துக்கு நல்ல பல் திசுவும் மிஞ்சியிருந்தது. கிரவுன் நீடித்து நிற்க அந்த வளையம் முக்கியம். ஆனால் ஈறையொட்டிய கழுத்துப் பகுதியில் வேரின் டென்டின் அடர் பழுப்பு. உள்ளிருந்து வெளுக்கலாம் என்றால் போஸ்ட்டை எடுக்க வேண்டும்; எடுத்தால் வேர் பிளக்கும் அபாயம். மருத்துவர் அதைத் தொடவில்லை, சரியான முடிவு.

ஈறு ஆறுவதற்காக அக்ரிலிக்கில் ஒரு தற்காலிகக் கிரவுன் போடப்பட்டது. அப்புறம்தான் அளவு எடுத்தார்கள். உதட்டுப் பக்கம் 1.5 மி.மீ., கடி விளிம்பில் 2 மி.மீ., கழுத்தின் ஓரத்தில் 1 மி.மீ. என்று இடம் கிடைத்தது. இந்த மூன்று எண்களும் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் எல்லை போட்டன. கடைசி எண்தான் தலைவலி. அடிப்பல் எங்கே மிகக் கறுப்போ அங்கேதான் செராமிக்குக் கிடைத்த இடமும் மிகக் குறைவு.

ஷேட் பதிவு

ஷேட், அதாவது பல்லின் நிறம், பார்க்க வேண்டியது நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தவுடன், வாயைத் திறந்து வைத்து வேலை தொடங்குவதற்கு முன். பல் சில நிமிடம் காற்றில் உலர்ந்தாலே எனாமலின் நுண்துளைகளில் நீர் போய்க் காற்று புகுந்துவிடும். எனாமலின் ஒளிவிலகல் எண் சுமார் 1.62, நீருக்கு 1.33, காற்றுக்கு 1. வித்தியாசம் கூடக்கூட வெளிச்சம் அதிகம் சிதறும். பல் வெளுத்து மங்கலாகும். உலர்ந்த பல்லுக்குப் பொருந்தும் கிரவுன், எச்சில் திரும்பியதும் தனித்து நிற்கும்.

லேபுகளில் இன்றும் அதிகம் புழங்கும் 16 துண்டு ஷேட் கைடு 1956இல் வந்தது. ஏ, பி, சி, டி என்று நிறக் குடும்பமாக அடுக்கியிருப்பார்கள். ஒற்றை முன்பல்லுக்கு நான் அந்த வரிசையில் வைப்பதில்லை. வெளிச்ச வரிசையில், அதாவது பி1, ஏ1, பி2, டி2, ஏ2, சி1 என்று இறங்கும் வரிசையில் மாற்றி அடுக்கிக்கொண்டு, முதலில் வேல்யூவை, அதாவது வெளிச்சத்தின் அளவை, மட்டும் பார்ப்பேன். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்த்தால் நிறம் பின்வாங்கி வெளிச்சம்தான் முன்னால் நிற்கும். நிறத்தில் சின்னப் பிசகு இருந்தால் யாரும் கவனிப்பதில்லை. வேல்யூவில் பிசகினால் அறையின் அந்தக் கோடியில் நிற்பவருக்கும் தெரியும்.

பக்கத்து 11ஆம் பல், அதாவது மேல் வலது நடுப்பல், ஏ2வுக்கு நெருக்கம், ஆனால் துண்டைவிட ஒரு இழை வெளிச்சம் கூட. கழுத்தில் கொஞ்சம் மஞ்சள் செறிவு. கடி விளிம்புக்கு அடியில் மூன்று மங்கலான மேமலான் விரல்கள் (டென்டின் விரல் போல நீளும் மடல்கள்), அவற்றுக்கு இடையே நீலச் சாயல், விளிம்பில் மெல்லிய வெண்கோடு. நடுப்பகுதியில் குறுக்காக ஒரு பால்நிறப் பட்டை, கூர்ந்து பார்த்தால்தான் தெரியும். இவ்வளவும் வார்த்தையில் எழுதி அனுப்பினால் லேபில் யாருக்கும் புரியாது. படம் வேண்டும். ஷேட் துண்டைப் பல்லுக்கு நேர் கீழே, அதே தளத்தில், விளிம்போடு விளிம்பு வைத்து எடுத்த படம்; துண்டின் பெயர் படத்தில் தெரிய வேண்டும். கூடவே குறுக்கு முனைவாக்க ஃபில்டர் போட்டு எடுத்த படம். மேற்பரப்பின் பளபளப்பை அது நீக்கிவிடுவதால் உள்ளே இருக்கும் நிற வரைபடம் அப்படியே தெரியும். சாதாரணப் படமும் தேவை, ஏனென்றால் பளபளப்பும் பல்லின் பகுதிதான்.

பலர் விட்டுவிடும் படம் ஒன்று உண்டு: செதுக்கி முடித்த அடிப்பல்லின் படம், அதற்கான ஷேட் துண்டோடு. அது இல்லாமல் வேலை தொடங்குவதில்லை என்று இந்த மருத்துவரோடு முன்பே பேசி வைத்திருந்தேன். அந்தப் படத்தைப் பார்த்து அதே அடர் பழுப்பில், ஒளியில் இறுகும் டை மெட்டீரியலால் ஒரு சின்ன டை (அடிப்பல்லின் நகல்) செய்துகொண்டேன். கிரவுனை வெள்ளை ஜிப்சம் மாடலில் வைத்துப் பார்த்து மகிழ்வதில் பிரயோசனம் இல்லை. வாயில் அதன் அடியில் இருக்கப்போவது ஜிப்சம் இல்லையே.

எந்தச் செராமிக்

பீங்கான் ஜாக்கெட் கிரவுன் 1900களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. சார்லஸ் லேண்ட் பிளாட்டினத் தகட்டின் மேல் பீங்கானைச் சுட்டு எடுத்தார். அழகாக இருந்தது, ஆனால் எளிதில் உடைந்தது. 1960களில் பீங்கானை உலோகத்தின் மேல் ஒட்டச் செய்ததும் உடைவது குறைந்தது, வெளிச்சம் போயிற்று. அதற்குப் பிறகு வந்த செராமிக்குகள் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு இடம் தேடியவைதான்.

நம் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, ஒளி நன்றாகப் புகும் லித்தியம் டைசிலிகேட்டில் முழு வடிவத்தையும் ஒரே பொருளாகச் செய்வது. நல்ல நிறமுள்ள அடிப்பல் மேல் அது அற்புதமாக இருக்கும். இங்கே போட்டால் அடியிலிருக்கும் பழுப்பு மேலே வந்துவிடும். உள்ளே போன வெளிச்சம் கறுப்பில் பட்டுத் திரும்பி வராது. பல் சாம்பலாகி வேல்யூ இறங்கும். மேலே பூசும் எந்த ஸ்டெயினும் (நிறப்பூச்சும்) அதை மீட்காது, ஏனென்றால் ஸ்டெயின் எதுவானாலும் வெளிச்சத்தை இன்னும் குறைக்கத்தான் செய்யும்.

இரண்டாவது, சிர்கோனியா சட்டகம். 3 மோல் சதவீதம் இட்ரியா உள்ள வகைக்கு வளைவு வலிமை 900 மெகாபாஸ்கலுக்கு மேல். கறுப்பையும் நன்றாக மறைக்கும். 5 மோல் வகையில் கனசதுரப் படிகங்கள் கூடுவதால் ஒளி அதிகம் புகும், வலிமை இறங்கும். இந்த நோயாளிக்கு அது தப்பான தேர்வாக இருந்திருக்காது. ஆனால் மறைக்கும் வகைச் சிர்கோனியா கழுத்தில் வெறும் 1 மி.மீ. இடத்தில் ஈறோரம் இறுக்கமான வெண்மையைத் தரும். பழைய கிரவுனில் அவர் எதை வெறுத்தாரோ அதன் தம்பியாக வந்து நிற்கும். தவிர, அதை ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் எட்ச் செய்ய, அதாவது ஒட்டுவதற்காக அரித்துச் சொரசொரப்பாக்க, முடியாது. வழவழப்பான குட்டையான முன்பல்லில் ஒட்டும் பிடியை நான் விட்டுக்கொடுக்க விரும்பவில்லை.

மூன்றாவதை எடுத்தோம். நடுத்தர ஒளிமறைப்பு உள்ள லித்தியம் டைசிலிகேட் இங்காட்டை அழுத்தி வார்த்துச் சட்டகம், அதன் மேல் ஃபுளோர்அபடைட் செராமிக் அடுக்கு. லித்தியம் டைசிலிகேட்டில் கன அளவில் சுமார் 70 சதவீதம் ஊசி வடிவப் படிகங்கள், மீதி கண்ணாடி. ஊசிகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடப்பதால் விரிசல் நேராக ஓட முடியாது. வலிமை 400 மெகாபாஸ்கல் அளவுக்கு வருவது அதனால்தான். மேலே அடுக்கும் செராமிக் 100 மெகாபாஸ்கலைக்கூடத் தொடாது. அதனால் மொத்தத் தடிமனில் சட்டகம் பாதிக்குக் குறையக் கூடாது என்பது விதி. 1.5 மி.மீ.யில் 0.8 சட்டகம், 0.7 அடுக்கு என்று பிரித்தோம். அண்ணப் பக்கத்தில் கடி படும் இடத்தைச் சட்டகமாகவே விட்டுவிட்டேன். அங்கே அழகு யாருக்கும் தெரியப்போவதில்லை, பலம் வேண்டும்.

கழுத்தில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே சட்டகத்தை 0.8 வரை கொண்டுபோய், மேலே செறிவான டென்டின் பவுடருக்கு மெல்லிய இடம் மட்டும் விட்டேன். ஒட்டும் சிமென்ட்டை ஒளிபுகாத நிறத்தில் எடுத்தால் கறுப்பை மறைத்துவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சிமென்ட் படலத்தின் தடிமன் மைக்ரானில் எண்ணுவது. அது கடைசியில் ஒரு சின்னத் திருத்தம் செய்ய உதவும், அவ்வளவுதான்.

மெழுகிலிருந்து உலை வரை

முதலில் முழுப் பல் வடிவத்தையும் மெழுகில் செய்து, சிலிக்கோன் புட்டியில் அச்சு எடுத்துக்கொண்டேன். பிறகுதான் கட்-பேக்: உதட்டுப் பக்கமும் விளிம்பும் எவ்வளவு உள்வாங்க வேண்டும் என்று அச்சை வைத்துப் பார்த்துப் பார்த்துச் சுரண்டினேன். இந்த ஒழுங்கு இல்லாமல் நேராகச் சட்டகத்தைச் செய்தால், அடுக்குக்கான இடம் ஓரிடத்தில் 0.3, இன்னோரிடத்தில் 1.2 என்று ஏறி இறங்கும். தடிமன் ஏறி இறங்கினால் வேல்யூவும் ஏறி இறங்கும்.

செராமிக் உள்ளே போகும் வழியான ஸ்புரூ 3 மி.மீ. விட்டத்தில், மெழுகின் தடித்த பகுதியில், செராமிக் ஓடும் திசைக்கு இசைவாக. ஸ்புரூவோடு மெழுகை எடை போட்டு, சின்ன இங்காட் போதும் என்று பார்த்துக்கொண்டேன். ஃபாஸ்பேட் பிணைப்பு இன்வெஸ்ட்மென்ட்டை (அச்சுப் பொருளை) வெற்றிடத்தில் கலந்து ஊற்றி, இறுகியதும் 850 டிகிரி செல்சியஸில் மெழுகை எரித்து வெளியேற்றினேன். எரிப்பு உலையிலிருந்து அச்சு வளையம் வெளியே வந்தபின் நிதானம் காட்டக் கூடாது. குளிர்ந்த நிலையிலேயே இங்காட்டும் அதன் மேல் தள்ளுதண்டும் உள்ளே போக வேண்டும், வளையம் தாமதமில்லாமல் அழுத்த உலையில் உட்கார வேண்டும். வெளியே நின்று சூடு இறங்கினால் மார்ஜின், அதாவது கிரவுனின் ஓரம், முழுதாக ஓடாது.

அழுத்தும் வெப்பம் 915 முதல் 925 டிகிரி வாக்கில். உலை மாடலுக்கு ஏற்ப இது மாறும். திரையில் காட்டும் எண்ணை நம்பி வேலை செய்பவர்கள்தான் அதிகம், ஆனால் வெப்ப உணரி பழசாகும்போது எண் அப்படியே இருக்கும், சூடு மாறிவிடும். அதற்குத்தான் வெள்ளி வைத்துச் சரிபார்ப்பது. தூய வெள்ளி 961.8 டிகிரியில் உருகும். உலை அந்த எண்ணைக் காட்டும்போது வெள்ளி உருகுகிறதா என்று பார்த்தால் விலகல் எவ்வளவு என்று தெரிந்துவிடும். இந்த வேலைக்கு முன்பு அதைச் செய்தோம். சூடு கூடினால் செராமிக் இன்வெஸ்ட்மென்ட்டோடு வினைபுரிந்து தடித்த வெள்ளைத் தோல் போர்த்திக்கொள்ளும். குறைந்தால் மெல்லிய ஓரங்கள் கிடைக்காது.

சூடு சரியாக இருந்தாலும் கொஞ்சம் தோல் இருக்கத்தான் செய்யும். 1 சதவீதத்துக்கும் குறைவான ஹைட்ரோஃபுளோரிக் அமிலக் கரைசலில் அல்ட்ராசோனிக்கில் வைத்து, பிறகு 100 மைக்ரான் அலுமினாவால் 1 பார் அழுத்தத்தில் மெதுவாக ஊதி எடுத்தேன். சதவீதம் குறைவு என்று அலட்சியம் வேண்டாம். இந்த அமிலம் தோலில் பட்டால் முதலில் வலிக்காது, உள்ளே போய்க் கால்சியத்தைப் பிடிக்கும். கையுறை, கண்ணாடி, பக்கத்திலேயே கால்சியம் குளுக்கோனேட் ஜெல் இருக்க வேண்டும்.

தோல் முழுதாகப் போனதா என்று பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டிய இடம், சட்டகத்தின் உட்புற மூலையும் கட்-பேக்கில் மேமலான்களுக்கு இடையே உள்ள பள்ளமும். வெளிப்பரப்பு சுத்தமாகத் தெரியும், பள்ளத்தில் ஊசிமுனை அளவு வெண்மை ஒளிந்திருக்கும். அதன் மேல் பவுடர் போட்டுச் சுட்டால் அங்கிருந்துதான் குமிழி கிளம்பும். இந்தச் சட்டகத்திலும் அப்படி ஒரு புள்ளி இருந்தது. இன்னொரு முறை அமிலத்தில் வைத்தபின்தான் போனது.

சட்டகத்தைப் பழுப்பு டையில் வைத்துப் பார்த்தபோது நடுப்பகுதி நன்றாக மறைந்திருந்தது. கழுத்தில் இலேசான இருட்டு. எதிர்பார்த்ததுதான்.

அடுக்கு

முதலில் வாஷ் சுடல். மெல்லிய ஒரு பூச்சைத் தேய்த்துச் சுட்டால் அடுத்து வரும் அடுக்குகள் அதோடு இறுகப் பிடிக்கும். அடுக்குச் செராமிக் 750 டிகிரியில் சுடுவது. சட்டகம் அந்தச் சூட்டில் அசையாது. வெப்பத்தில் விரியும் அளவு சட்டகத்துக்கு அடுக்கைவிடக் கொஞ்சம் அதிகம். ஆறும்போது சட்டகம் கூடுதலாகச் சுருங்கி மேலடுக்கை இலேசாக அமுக்கி வைக்கும். செராமிக்குக்கு இழுவிசைதான் ஆகாது, அமுக்கம் நல்லது.

பவுடர் அடுக்கும்போது ஈரத்தைப் பார்த்துக்கொள்வதுதான் பாதி வேலை. குவியல் காய்ந்தால் மேலே வைக்கும் அடுத்த பவுடர் காற்றைச் சிறைப்பிடிக்கும். நனைந்து ஓடினால் மேமலான் விரல்கள் ஒன்றோடொன்று கரையும். பிரஷ்ஷின் பிடியால் மாடலை மெதுவாகத் தட்டி, மேலே வரும் நீரை டிஷ்யூவால் ஒற்றி எடுத்துக்கொண்டே போனேன். கழுத்தில் செறிவான டென்டின், உடலில் ஏ2வுக்கு ஒரு படி வெளிச்சமான டென்டின் கலவை, விளிம்புக்கு அடியில் சற்று மஞ்சளான மேமலான் பவுடர், அவற்றின் இடையிலும் பக்க விளிம்புகளிலும் ஓபல் பவுடர். இயற்கை எனாமல் எதிரொளியில் நீலமாகவும், பின்னாலிருந்து வெளிச்சம் விட்டால் ஆரஞ்சாகவும் தெரியும். நீல ஸ்டெயின் பூசினால் இரண்டு பக்கமும் நீலமாகவே இருக்கும், குட்டு வெளிப்பட்டுவிடும்.

அந்தக் குறுக்குப் பால்நிறப் பட்டையை மேலே வரையாமல் உள்ளேயே வைத்தேன். டென்டின் மேல் மெல்லிய வெண்பவுடர் கோடு, ஓரங்களைக் காய்ந்த பிரஷ்ஷால் கலைத்துவிட்டு, மேலே ஒளிபுகும் அடுக்கு. சொல்லப்போனால் இப்படிப்பட்ட சின்னக் குறைகளை நகலெடுப்பதில் அளவு மீறும் ஆசை டெக்னீஷியனுக்கு எப்போதும் உண்டு. மாடலில் எடுப்பாகத் தெரியும் பட்டை வாயில் அழுக்காகத் தெரியும். கண்ணுக்குப் போதும் என்று பட்டதில் பாதியை வைத்தால் சரியாக இருக்கும்.

சுடும்போது பவுடர் கன அளவில் 30 முதல் 40 சதவீதம் சுருங்கும். அதனால் பல்லைப் பெரிதாகக் கட்டி, முதல் சுடலுக்குப்பின் குறையும் இடங்களை நிரப்பி இரண்டாவது முறை சுடுவது வழக்கம். உலைக் கதவு மெதுவாக மூடுவதும் காரணத்தோடுதான். நீர் ஆவியாகப் போக நேரம் வேண்டும். அவசரப்பட்டால் பவுடருக்குள்ளேயே கொதித்துப் பிளவு விடும். பிறகு வெற்றிடம், துகள்களுக்கு இடையே உள்ள காற்றை இழுக்க. மிஞ்சும் ஒவ்வொரு நுண்குமிழியும் வெளிச்சத்தைச் சிதறடித்து, ஒளிபுகும் பவுடரைப் பால் கலந்ததாக்கிவிடும். சுட்டு வந்த கிரவுன் முத்துப் போன்ற இலேசான பளபளப்போடு இருந்தால் சூடு சரி. சொரசொரப்பாக, வெளிறிப்போய் இருந்தால் போதவில்லை. கண்ணாடியாக மின்னி முனைகள் மழுங்கினால் அதிகம். அப்படி மழுங்கியதைச் சரிசெய்ய மீண்டும் பவுடர், மீண்டும் சுடல் என்று போகும், ஒவ்வொரு சுடலிலும் உள்ளே வைத்த நுணுக்கம் கொஞ்சம் கரையும்.

மேற்பரப்பு

11ஆம் பல்லையும் புதிய கிரவுனையும் அருகருகே வைத்து நிறத்தை மறந்துவிட்டுப் பார்த்தால், வித்தியாசம் வெளிச்சம் திரும்பும் கோடுகளில் இருக்கும். முன்பல்லின் உதட்டுப் பக்கத்துக்கும் பக்கவாட்டுக்கும் இடையே உள்ள முனைக்கோடுகள்தான் பல்லின் அகலத்தைக் கண்ணுக்குச் சொல்கின்றன. அவை நெருங்கினால் பல் ஒடுங்கித் தெரியும், விலகினால் அகன்று தெரியும், உண்மையான அளவு ஒன்றாகவே இருந்தாலும். மாடலில் 11இன் முனைக்கோடுகளை மெல்லிய பென்சிலால் வரைந்து, கிரவுனில் அதன் கண்ணாடிப் பிம்பத்தை வரைந்துகொண்டுதான் கல்லை எடுத்தேன்.

அடுத்தது தோல் அமைப்பு. இரு பல் மேலும் வெள்ளித் தூளைத் தடவினால் நிறம் மறைந்து அமைப்பு மட்டும் துலங்கும். மாடலில் 11ஆம் பல்லின் கழுத்துப் பக்கம் பெரிகைமாட்டா என்னும் குறுக்கு வரிகள் நெருக்கமாக இருந்தன, கடி விளிம்பை நோக்கி வரவர தேய்ந்து வழவழப்பாயின. அந்த வயதுக்கு அது பொருத்தம். கிரவுன் முழுவதும் ஒரே மாதிரி வரி போட்டால் இருபது வயதுக்காரரின் பல்லாகிவிடும். கழுத்தில் மட்டும் நுண்ணிய வைரக் கருவியால் மெல்ல வரியிட்டு, நடுவில் இரண்டு நெடுக்குப் பள்ளங்களை விட்டு, விளிம்பை ரப்பரால் தேய்த்தேன்.

பிஸ்க் நிலையில் வாயில்

கடைசிப் பளபளப்புச் சுடலான கிளேஸ் செய்வதற்கு முன், அதாவது பிஸ்க் நிலையில், வாயில் வைத்துப் பார்க்கும் சந்திப்பு ஒன்றை எப்போதும் கேட்டு வாங்குவேன். மருத்துவர்களுக்கு அது கூடுதல் நேரம்தான், இருந்தாலும் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. கிளிசரின் அடிப்படையிலான ட்ரை-இன் பேஸ்ட் உள்ளே வைத்துத்தான் பார்க்க வேண்டும். வெறுமனே மாட்டினால் கிரவுனுக்கும் பல்லுக்கும் நடுவே காற்றுப் படலம் நின்று, கிரவுன் இருப்பதைவிட வெளுப்பாகக் காட்டும்.

உடலும் விளிம்பும் ஜன்னல் வெளிச்சத்திலும் அறை விளக்கிலும் ஒத்துப்போயின. கழுத்தில் கடைசி 2 மி.மீ. மட்டும் 11ஐவிட இருண்டிருந்தது. மருத்துவரின் முதல் யோசனை, கழுத்தில் இளமஞ்சள் ஸ்டெயின் வைத்துவிடலாம் என்பது. அது நிறத்தைக் கூட்டும், வெளிச்சத்தை இன்னும் இறக்கும். பதிலாக, கழுத்தில் இருந்த அடுக்கை அரைத்து எடுத்துவிட்டு, அதே நிறத்தில் ஒளிமறைப்பு கூடிய வெளிச்சமான டென்டினை மெல்லியதாக வைத்துச் சுட்டோம். மறுபடி வைத்துப் பார்த்தபோது இருட்டு விலகியிருந்தது.

ஒன்று மட்டும் விலகவில்லை. கிரவுனின் ஓரத்துக்கு மேலே, மெல்லிய ஈறின் வழியே வேரின் கறுப்பு இலேசாகக் கசிந்தது. அது கிரவுனால் தீரும் விஷயம் இல்லை. எந்தச் செராமிக்கை எடுத்தாலும் இருந்திருக்கும். பழைய கிரவுனைக் கழற்றிய அன்றே மருத்துவர் இதை நோயாளிக்குக் கண்ணாடியில் காட்டிச் சொல்லியிருந்தார். சிரிக்கும்போது அவருடைய உதடு அந்த உயரத்துக்கு ஏறுவதில்லை. உதடு உயர்ந்து ஈறு தெரியச் சிரிப்பவராக இருந்தால், கிரவுனுக்கு முன்பே ஈறைத் தடிக்கச் செய்யும் ஒட்டு சிகிச்சையைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும்.

கிளேஸும் ஒட்டுதலும்

கிளேஸ் சுடலை வழக்கத்தைவிட அடக்கி வைத்து, பளபளப்பைக் கையால் கொண்டுவந்தேன். கண்ணாடித் திரவம் தடவிச் சுட்டால் வரிகளின் பள்ளம் நிரம்பி எல்லா இடமும் ஒரே மினுக்காகும். ஃபெல்ட் சக்கரத்தில் வைரப் பேஸ்ட் வைத்துத் தேய்த்தால் மேடுகள் மின்னும், பள்ளங்கள் கொஞ்சம் மங்கலாக நிற்கும். தேய்ந்த இயற்கைப் பல்லில் இருப்பதும் அதுதான். ஈரத்தில் எல்லாப் பல்லும் மின்னும் என்பதால், துடைத்து உலர்த்திய ஒரு கணமும் நனைந்த ஒரு கணமும் என்று இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

ஒட்டும் வேலை மருத்துவருடையது, சுருக்கமாகச் சொல்கிறேன். ட்ரை-இன் பேஸ்ட்டையும் எச்சிலையும் நன்றாகக் கழுவி, உட்புறத்தை 5 சதவீத ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் 20 விநாடி எட்ச் செய்து, கழுவி உலர்த்தி, செராமிக்கையும் ரெசினையும் பிணைக்கும் சைலேன் தடவி, ரெசின் சிமென்ட்டால் ஒட்டினார். 20 விநாடி என்பது லித்தியம் டைசிலிகேட்டுக்கான கணக்கு. ஃபெல்ட்ஸ்பார் பீங்கானுக்கு வழக்கமான ஒரு நிமிடத்தை இதற்கும் போட்டால் கண்ணாடிப் பகுதி அளவுக்கு மேல் அரித்து, பிடிப்பு கூடுவதற்குப் பதில் பொருள் பலவீனமாகும்.

பின்தொடர்தல்

ஓராண்டுப் பரிசோதனையில் அடுக்கில் சிதைவு இல்லை, மார்ஜின் மூடியே இருந்தது, ஈறில் வீக்கமோ இரத்தக் கசிவோ இல்லை. ஃபிளாஷ் படத்திலும் ஃபிளாஷ் இல்லாத படத்திலும் இரு பற்களின் வெளிச்சமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கியது. கூர்ந்து தேடினால், பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது விளிம்பின் ஓபல் நீலம் 11ஐவிட ஒரு சாயல் கூடுதல்.

இதே கறுப்பில் உள்ளே உலோக வார்ப்புப் போஸ்ட் இருந்திருந்தால் இந்த இங்காட்டை எடுத்திருக்க மாட்டேன்; முழு ஒளிமறைப்பு இங்காட்டோ சிர்கோனியாவோதான், கழுத்தில் இன்னும் கொஞ்சம் இடம் வெட்டித் தரச் சொல்லி. இரவில் பல் நறநறப்பவராக இருந்திருந்தால் விளிம்பில் இவ்வளவு அடுக்கு வைத்திருக்க மாட்டேன். இங்காட் வகை, பவுடர் கலவை, அடிப்பல் ஷேட், சுடல் அட்டவணை எல்லாம் நோயாளியின் கோப்பில் இருக்கின்றன. 11ஆம் பல் வயதோடு மஞ்சளாகும், கிரவுன் ஆகாது. என்றாவது மாற்ற வேண்டி வந்தால் அடுத்த டெக்னீஷியன் இதே கணக்கிலிருந்து தொடங்கி, டென்டினை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.